எரியாத துணி

திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் தெய்வாத்தாளிடம் துணியைப் பற்றி வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஒரு துண்டை விரலிடுக்கில் வைத்து நிமிண்டினால் போதும். இது இன்ன நம்பர் நூல், இது சலவைக்குப் போய் வந்தது, இது போகாதது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். வெள்ளை தனி, சாயம் தனி, மெஷின் துடைக்க ஆகிறது தனி என்று பிரித்துக் கட்டிக் கொடுப்பாள். வேஸ்ட் பிரிப்பது என்று அதற்குப் பெயர். பேர்தான் வேஸ்ட், அவள் கண்ணுக்கு அதில் வீணானது எதுவும் கிடையாது. தலையணைக்குள் அதுதான், கரித்துணியும் அதுதான், மழைக்கு ஓட்டிடுக்கில் செருகுவதும் அதுதான்.

புருஷன் திருமூர்த்தி வேலம்பாளையத்தில் ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். நல்ல வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான். முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிற ஆள். இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஒரு பையன் பிறந்தபோது தெய்வாத்தாள் பழனி மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். முருகன் சன்னிதியில் முடியிறக்கும் வரைக்கும் இந்தப் பிள்ளைக்குக் கடைத்துணி ஒரு முழம்கூட வாங்குவதில்லை, குப்பையில் கிடப்பதைத்தான் கட்டுவது என்று. புதுச்சட்டை போட்டு மினுக்கினால் கண் பட்டுவிடும். குப்பைத்துணியில் கிடந்தால் இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் தாண்டிப் போய்விடுவான் என்பது அவள் கணக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அங்கே செய்கிற வேண்டுதல்தான் அது. அவளுக்கு வேண்டிய குப்பை வீடு முழுக்கக் கிடந்தது.

பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனிக்குக் குமாரசாமி என்று ஒருவர் வந்தார். பூர்வீகம் கோயமுத்தூர்ப் பக்கம். வடக்கே எங்கேயோ கண்ணாடி, பீங்கான், சூளைக்கல் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிற இடத்தில் உத்தியோகம். கையில் ஒரு பெட்டி. திறந்தால் வெள்ளை வெளேர் என்று நூல்கண்டுகள். தொட்டால் வழுக்குகிறது, வெளிச்சத்தில் பட்டுப்போல மின்னுகிறது.

"இது பருத்தி இல்லைங்க, கண்ணாடி" என்றார் குமாரசாமி.

முதலாளி சிரித்தார். திருமூர்த்தி சிரிக்கவில்லை, கண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணலை உலையில் உருக்கி, ஊசி முனையைவிடச் சின்னத் துளைகள் வழியாக இழுத்தால் இப்படி இழை வரும் என்று குமாரசாமி விளக்கினார். அரிசிமாவில் சந்தகை பிழிவதுபோலத்தான் என்று அவர் சொன்ன பிறகு இருவருக்கும் பிடிபட்டது. பீங்கான் சுடுகிற சூளையிலிருந்து வரும் கொதிக்கிற புகையில் தூசி இருக்கிறது. அதை வடிகட்ட வேண்டும். பருத்திப் பை கருகிவிடும். கண்ணாடி நூலில் தையலே இல்லாத குழாய்த்துணி கிடைத்தால் தாங்கும். பனியன் மெஷினில்தான் துணி குழாயாகவே இறங்கும், அதற்குத் திருப்பூரை விட்டால் வேறு எங்கே போவது என்றுதான் தேடி வந்திருக்கிறார்.

ஈஸ்வரமூர்த்தியின் சிரிப்பு சட்டென்று நின்றது. நாளைக்கு ஒவ்வொரு சூளைக்கும் இந்தக் குழாய் வேண்டுமென்றால் யாரிடம் வருவார்கள் என்று அவர் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஏப்பா திருமூர்த்தி, இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கோணும். காதர்பேட்டைப் பனியன் ஏவாரி காதுல உழுந்துதுன்னா நாளைக்கே நாலு பேரு நூலுக்குக் கெளம்பிருவான். ஊட்டுலகூட மூச்சு உடக்கூடாது."

"சரிங்க மொதலாளி."

கெட்டிக்காரத்தனம் என்று அவர் நினைத்தார். இதைச் சொல்கிற எனக்கு அந்த மனுஷர் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

குமாரசாமி ஒன்றையும் மறைக்கவில்லை. இழை ஒடிந்தால் கண்ணுக்குத் தெரியாத துண்டுகள் பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் சொறியாதீர்கள், நிறையத் தண்ணீரை விட்டுக் கழுவுங்கள் என்றார். வெட்டி விழுவதை ஒரு துண்டு பாக்கியில்லாமல் சேர்த்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள், எரிக்கலாம் என்று பார்க்காதீர்கள், இது எரியாது என்றும் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனார்.

திருமூர்த்தி அந்த நூலோடு மல்லுக்கு நின்றான். பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்கு வந்து, திண்ணையில் படுத்து, விடியுமுன் கிளம்பிவிடுவான். பருத்தி நூல் ஊசியில் வளையும், இது ஒடிந்தது. மெஷினை மெதுவாக்கி, இழுவையைத் தளர்த்தி, ஊசியை மாற்றி, ஒருவழியாகக் குழாய் இறங்க ஆரம்பித்தது. நாலு விரல் நீளம் நன்றாக வரும், பிறகு கோணிக்கொள்ளும். அதை வெட்டிப் போட வேண்டியதுதான். வெட்டிப் போட்டது ஒரு சாக்கு நிறைந்தது. புதைக்கட்டுமா என்று முதலாளியைக் கேட்டான்.

"இருக்கட்டும். எல்லாம் முடியட்டும், ஒட்டுக்காப் பொதைச்சுக்கலாம்."

அந்தச் சாக்கு மெஷினுக்குப் பின்னால் மூலையில் நின்றது. சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைதோறும் வேஸ்ட் ஏற்றிப் போகிற வண்டிக்காரர் சுப்பண்ணனுக்குக் கம்பெனி ரகசியம் எதுவும் தெரியாது. சாக்கில் வெட்டுத்துணி இருந்தால் அது வண்டிக்கு, அவ்வளவுதான். திருமூர்த்தி ஊசி வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் தூக்கிப் போட்டுக்கொண்டு நேராக மண்ணரைக்கு ஓட்டிவிட்டார். திரும்பி வந்த திருமூர்த்தி மூலை காலியாக இருப்பதைப் பார்த்தான். முதலாளி ஆள் வைத்துப் புதைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

சாக்கை அவிழ்த்த தெய்வாத்தாள் வாயைப் பிளந்தாள். இந்த வழவழப்பை அவள் விரல் இதற்கு முன் கண்டதில்லை. பட்டா என்று பார்த்தாள், பட்டில்லை. நைலானா என்றால் அந்த வழுக்கலும் இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவி விளக்கில் காட்டி, கருகும் வாசத்தை வைத்து இன்ன நூல் என்று சொல்வது வேஸ்ட் பிரிக்கிறவர்களின் வழக்கம். அன்றைக்கு அவள் அதைச் செய்யவில்லை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் துணி கருகும் வாசம் ஆகாது என்று அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் தீக்காட்டிப் பார்ப்பதையே விட்டிருந்தாள். ஒரு இழையை விளக்கில் காட்டியிருந்தால் அவளுக்கே தெரிந்துபோயிருக்கும்.

"முருகன் குப்பையிலயே பட்டு போட்டு அனுப்பிச்சிருக்கான் பாருங்கக்கா" என்று பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் காட்டினாள். பெரிய துண்டுகளாகப் பொறுக்கி, அலசிக் காயப்போட்டு, ஒட்டுப்போட்டுத் தைத்து, தூளிக்கு ஒரு விரிப்பும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் செய்தாள். வேண்டுதலும் தவறவில்லை, பிள்ளைக்கும் பூப்போல இருக்கும் என்று அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

மறுநாளே பிள்ளை சிணுங்கியது. அடுத்த நாள் வீரிட்டது. கழுத்து மடிப்பிலும் முதுகிலும் பொடிப் பொடியாகச் சிவந்திருந்தது. பால் வைத்தால் நாலு வாய் சப்பிவிட்டு அலறியது. ரங்காத்தாள் வந்து விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் நாலு பிள்ளை பெற்றவள், அந்தத் தெருவுக்கு அவள் சொன்னால் சரி.

"மணல்வாரி அம்மைதான் அம்மிணி. ஆத்தா வந்திருக்கா. பயப்படாத, வெளையாண்டுட்டுப் போயிருவா."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? பெரியம்மையில் செத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்த காலம். இரண்டைக் கொடுத்தவளுக்கு மூன்றாவதும் போகிறதோ என்ற பயம். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள். அம்மை கண்ட உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்பதால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினாள். மருந்து, வைத்தியர் என்ற பேச்சே கிடையாது. எரிச்சலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று, இருக்கிற துணியிலேயே மெதுவான அந்த விரிப்பை இரண்டாக மடித்து, மேலே வேப்பிலை பரப்பி, அதில் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை அழ அழ இன்னும் இழுத்துப் போர்த்தினாள். அவள் கைகளும் முழங்கை வரைக்கும் சிவந்து அரித்தன. ஆத்தா தன்மேலும் இறங்குகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மை வந்த வீட்டுக்குள் வெளியே அலைகிறவர்கள் நுழையக்கூடாது. புருஷனும் அதில் சேர்த்தி. திருமூர்த்தி வந்தபோது வாசலில் வேப்பிலையைப் பார்த்து வீதியிலேயே நின்றுவிட்டான். அவள் நடையில் நின்று பேசினாள்.

"ஏனுங்க, கம்பெனியிலயே படுத்துக்குங்க. ஆத்தா எறங்குனதும் சொல்லி அனுப்பறேன்."

"கொழந்தைக்கு எப்படி இருக்குது?"

"அழுவுறான். பட்டாட்டந் துணியிலதான் போட்டு வெச்சிருக்கறனுங்க. கவலப்படாதீங்க. உங்க கையேனுங்க இப்படிச் செவந்து கெடக்குது?"

திருமூர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நூல் எண்ணெய் ஒத்துக்கல அம்மிணி."

கண்ணாடி என்று ஒரு வார்த்தை வாயில் வந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். முதலாளிக்குக் கொடுத்த வாக்கு நாக்கைக் கட்டிவிட்டது. மண்ணில் விழுந்து வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான், பாவி மனுஷன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அது நடந்தது. பிள்ளைக்கு அழவும் தெம்பில்லாமல் குரல் கம்மிவிட்டது. ரங்காத்தாள் ஆத்தாளுக்குச் சூடம் காட்டலாம் என்று தட்டோடு வந்தாள். தூளியிலிருந்து இறக்கி விரிப்போடு தரையில் போட்டிருந்த பிள்ளையைச் சுற்றிக் காட்டும்போது தட்டு சாய்ந்து, எரிகிற சூடம் தட்டிலிருந்து வழுக்கி விரிப்பின்மேல் விழுந்தது. பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில். தெய்வாத்தாள் அலறிக்கொண்டு பாய்ந்து பிள்ளையை வாரினாள். ரங்காத்தாள் தண்ணீர் தேடி ஓடினாள்.

தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. சூடம் அந்தத் துணியின்மேல் நின்று எரிந்தது. எரிந்து தீர்ந்தது. அணைந்தது. துணி அப்படியே இருந்தது. புகைக்கரி ஒரு வட்டம், அவ்வளவுதான். ரங்காத்தாள் விரலால் துடைத்தாள், கரியும் போய்விட்டது. கீழே வெள்ளைத்துணி மின்னியது.

ரங்காத்தாள் தரையில் விழுந்து கும்பிட்டாள். "ஆத்தா! தாயே! மாரியாத்தா!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அம்மை வீடு என்றும் பார்க்காமல் வாசலில் முண்டியடித்தார்கள். இன்னொரு சூடத்தை ஏற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் துணி எரியவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது. பிள்ளையைத் தீயிலிருந்து காப்பாற்றிய துணி, ஆத்தாளே விரித்த துணி. கையில் பிள்ளையோடு வந்த தாய்மார் ஆளுக்கொரு துண்டு கேட்டுக் கையேந்தினார்கள்.

தெய்வாத்தாளுக்குக் கண்ணில் தாரை தாரையாக நீர். இரண்டு பிள்ளையைப் பறித்த தெய்வம் மூன்றாவதைத் தானே வந்து காக்கிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனசு நிறையாது! கத்தரிக்கோலை எடுத்து அந்த விரிப்பைத் தன் கையாலேயே நறுக்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கையில் கட்டிக்கொள்ளுங்கள், தூளியில் போடுங்கள், பிள்ளை தலைமாட்டில் வையுங்கள் என்று விபூதியும் வைத்துவிட்டாள்.

சேதி வேலம்பாளையத்துக்குப் போக நேரமாகவில்லை. கொண்டுபோனவர் அதே சுப்பண்ணன்.

"மாஸ்டரே, உங்க ஊட்டுல ஆத்தா எறங்கி நிக்கறாங்க! கொழந்தை படுத்த துணியில சூடம் உழுந்து, துணி எரியலைங்க! தும்பைப்பூவாட்டம் வெள்ளையா..."

திருமூர்த்தி மெஷினை நிறுத்தக்கூட இல்லை. செருப்பில்லாமல் ஓடினான். பின்னால் முதலாளி ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. மண்ணரை வந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வேப்பிலையைக் கையால் ஒதுக்கி வீட்டுக்குள் போனான். பெண்கள் "ஐயோ, போகாதீங்க!" என்று பதறினார்கள். அவன் பிள்ளையைத் தெய்வாத்தாள் மடியிலிருந்து பிடுங்கி, அந்தச் சட்டையை உருவி எறிந்து, தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிப் போய்ச் செம்பு செம்பாக ஊற்றினான்.

"அம்மைப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தறானே! கொன்னு போடுவானே!" என்று ரங்காத்தாள் மார்பில் அடித்துக்கொண்டாள். தெய்வாத்தாள் அவன் கையைப் பிடித்துக் கடித்தாள். அவன் விடவில்லை.

"ஆத்தா இல்ல அம்மிணி, கண்ணாடி! கம்பெனியில நான் ஓட்டுன கண்ணாடி நூலு! பொதைக்கச் சொன்னது! அதப் புள்ளைக்குப் போட்டுட்டியே!"

அவள் கடித்த வாயை எடுத்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தண்ணீர் ஓடிய பிள்ளையின் முதுகை வெயிலுக்குத் திருப்பினான் திருமூர்த்தி. சிவந்த தோலில் அங்கங்கே மயிரைவிட மெலிசாக ஏதோ மின்னியது. எந்தத் துணியைத் தொட்டாலும் சொல்கிற அந்த விரல்களால்தான் தேர்ந்து, தைத்து, மடித்துப் போர்த்தினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். டாக்டர் தோலில் ஒட்டியிருந்ததைப் பசைத்துணியால் ஒற்றி எடுத்தார். கண்ணைக் கழுவினார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பார்வை போயிருக்கும், பாலில்லாமல் உயிரும் போயிருக்கும் என்று திட்டினார். பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில்தான் அடுத்த நினைப்பு வந்து நெஞ்சில் இறங்கியது.

"ஏனுங்க, நான் ஊரெல்லாம் குடுத்துட்டனே!"

பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தாள். வீடு வீடாக ஏறினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் யார் தருவார்கள்? கண்ணாடி என்றாள், கண்ணாடியில் பனியன் போடுவார்களா என்று சிரித்தார்கள். ஒருத்தி, "உம் புள்ள பொழைச்சுக்கிட்டான், எம் புள்ள பொழைக்க வேண்டாமாக்கும்?" என்று கதவைச் சாத்தினாள். முதலாளிக்கு விலையுள்ள சாமான் போலிருக்கிறது, அதனால்தான் புருஷனும் பெண்டாட்டியும் நாடகம் போடுகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. நிஜமா பொய்யா என்று சிலர் துண்டை விளக்கில் காட்டினார்கள். எரியவில்லை. இது போதாதா என்று கும்பிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அவள் சொல்வது மெய் என்று காட்ட இருந்த ஒரே சாட்சியும் அவளுக்கு எதிராகவே நின்றது.

கடைசியில் அவள் பேசுவதை விட்டுவிட்டாள். வாசலில் நின்று, வீட்டில் மிஞ்சியதிலிருந்து எடுத்து வந்த ஒரு துண்டை அவர்கள் பார்க்கப் பார்க்கத் தன் கழுத்திலும் கன்னத்திலும் தேய்த்துக் காட்டினாள். சிவந்து தடித்தது. "இதத்தானுங்க ஆத்தான்னு நெனச்சேன்" என்றாள். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருத்தியாகக் கையில் கட்டியதை அவிழ்த்தார்கள். இருட்டுகிறவரைக்கும் நடந்தாள், விடிந்ததும் மறுபடி நடந்தாள். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ரங்காத்தாளும் கூடவே வந்து நினைவுபடுத்தினாள்.

மிச்சமிருந்தது கண்ணம்மாள் வீடு ஒன்றுதான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண்குழந்தை அவளுக்கு. பெரிய துண்டாகக் கேட்டாள் என்று தெய்வாத்தாள் பார்த்துப் பார்த்து நறுக்கிக் கொடுத்திருந்தாள். வீதி முக்கு திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். கண்ணம்மாள் வீட்டு வாசலில் பச்சை வேப்பிலை தொங்கியது.

உள்ளே குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. கண்ணம்மாள் மஞ்சள் பூசிக் குளித்து, ஈரத்தலையோடு நடையில் நின்றாள். முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

"வாங்கக்கா... இல்லீங்க, உள்ள வராதீங்க. உங்க கையி ராசியான கையிங்க. துணியத் தூளியில போட்டேன், விடியறதுக்குள்ள எங்க ஊட்டுக்கும் ஆத்தா வந்துட்டாங்க!"

தெய்வாத்தாள் வேப்பிலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "குடத்துல தண்ணி இருக்குதா?" என்று கேட்டாள்.